சூழல் மண்டலம்: உயிருள்ளவையும் உயிரற்றவையும் – கேள்வி பதில்

கேள்வி: சூழல் மண்டலத்தின் உயிருள்ள, உயிரற்ற கூறுகளைப் பட்டியலாகத் தர முடியுமா?

பதில்: உயிருள்ளவை: தாவரங்கள், விலங்குகள், பூஞ்சைகள், பாக்டீரியா முதலிய நுண்ணுயிரிகள். உயிரற்றவை: ஒளி, வெப்பம், நீர், காற்று, தாதுக்கள், அமிலத்தன்மை. ஆனால் பட்டியலோடு நிறுத்தாதீர்கள். 1935இல் பிரிட்டிஷ் தாவரவியலாளர் ஆர்தர் டான்ஸ்லி சூழல் மண்டலம் என்ற கருத்தை முன்வைத்ததே இரண்டையும் ஒரே தொகுதியாகப் பார்க்க வேண்டும் என்பதற்காகத்தான். எதிலிருந்து எதற்கு என்ன போகிறது என்று அம்புக்குறி போட்டுப் பாருங்கள்.

கேள்வி: மண் உயிரற்றது என்று புத்தகத்தில் இருக்கிறது. சரியா?

பதில்: பாதிதான் சரி. நல்ல மேல்மண்ணின் கன அளவில் ஏறக்குறைய 45 விழுக்காடு தாதுத் துகள்கள், 25 நீர், 25 காற்று, மிச்சம் 5 கரிமப்பொருள், அதாவது உயிர்களிலிருந்து வந்த பொருள். அந்த 5 போனால் கையில் இருப்பது பாறைத்தூள். பாறையைத் தூளாக்குவதிலேயே வெயில், மழையோடு பாறைமேல் படரும் பாசிக்காளான்கள் (லைக்கன்கள்) சுரக்கும் அமிலத்துக்கும் பங்கு உண்டு. பூஞ்சை இழைகள் துகள்களைப் பிணைக்கின்றன. மண்புழு துளைத்த வழியில் நீரும் காற்றும் இறங்குகின்றன. ஒரு கிராம் வளமான மண்ணில் பாக்டீரியாக்கள் மட்டுமே கோடிக்கணக்கில் உண்டு. தேர்வில் தாது, ஈரம், அமிலத்தன்மை மூன்றையும் உயிரற்ற கூறுகளில் எழுதுங்கள். மண்ணில் வாழ்பவற்றை உயிருள்ளவற்றில் எழுதுங்கள்.

கேள்வி: பட்டு விழுந்த மரம்? உயிர் போய்விட்டதே, அப்படியானால் உயிரற்ற கூறுதானே?

பதில்: அவசரப்படாதீர்கள். மரம் செத்தாலும் அது சேர்த்து வைத்த ஆற்றல் கட்டையில் அப்படியே இருக்கிறது. பூஞ்சை, கறையான், வண்டுப் புழு எல்லாம் அதைத் தின்றே வாழ்கின்றன. அதனால்தான் சூழலியலாளர்கள் இறந்த கரிமப்பொருளைத் தனிக் கணக்காக வைக்கிறார்கள்.

கேள்வி: ஒப்புக்கொள்ள முடியவில்லை. நிலக்கரியும் செத்த மரம்தான். அதை மட்டும் ஏன் பாறையோடு சேர்க்கிறார்கள்?

பதில்: நல்ல எதிர்வாதம். என் அளவுகோல் ஒன்றே: இப்போது ஏதாவது உயிர் அதை உண்கிறதா? காட்டுத் தரையில் கிடக்கும் கட்டையை உண்கின்றன. ஆழத்தில் புதைந்த நிலக்கரி சிதைப்பவற்றின் கைக்கு எட்டாமல் பல கோடி ஆண்டுகளாக ஒதுங்கிக் கிடக்கிறது. எரித்தால் அதன் கார்பன் காற்றுக்குப் போய், மறுபடி இலைக்குள் வரும்.

கேள்வி: தண்ணீர் உயிருள்ளதா?

பதில்: இல்லை. அதில் வாழ்பவைதான் உயிருள்ளவை.

கேள்வி: காற்று? அசைகிறதே.

பதில்: தண்ணீருக்குச் சொன்னதேதான். அசைவை வைத்து உயிரை முடிவு செய்யாதீர்கள்.

கேள்வி: நெருப்பு? வளர்கிறதே.

பதில்: மேலே உள்ள இரண்டு பதில்களையும் படித்துவிட்டுக் கேளுங்கள். செல் இல்லை, மரபுப்பொருள் இல்லை, உயிரற்றது.

கேள்வி: சூரிய ஒளி இல்லாமல் ஒரு சூழல் மண்டலம் இயங்குமா?

பதில்: 1977இல் பசிபிக் பெருங்கடலின் கலாபகஸ் தீவுகள் அருகே, ஏறத்தாழ 2,500 மீட்டர் ஆழத்தில், கடலடி வெந்நீர் ஊற்றுகளைச் சுற்றி உயிர்கள் செழித்திருப்பதைக் கண்டார்கள். அங்கே பாக்டீரியாக்கள் ஹைட்ரஜன் சல்ஃபைடிலிருந்து ஆற்றல் எடுத்து உணவு தயாரிக்கின்றன. வாயே இல்லாத குழாய்ப் புழுக்கள் அவற்றை உடலுக்குள் வைத்து வாழ்கின்றன. ஆனால் அந்த வேதிவினைக்கு வேண்டிய ஆக்சிஜன் மேலே ஒளிச்சேர்க்கையில் உண்டாகி நீரில் கரைந்து இறங்கியது. ஆகவே சூரியனை முழுவதும் விலக்கிவிட முடியாது. இங்கேயும் அம்புக்குறி போடுங்கள்!

கேள்வி: என் தொட்டிச் செடியின் இலை மஞ்சளாகிறது. ஏன்?

பதில்: செடியை நேரில் பார்க்கும் தோட்டக்கலை வல்லுநரைக் கேளுங்கள்.

கேள்வி: கட்டையைப் பற்றிக் கேட்டவன்தான். காலி நத்தை ஓடு எந்தப் பக்கம்?

பதில்: பெரும்பாலும் கால்சியம் கார்பனேட், எனவே தாதுப் பக்கம். உங்கள் அடுத்த கேள்வி தெரியும்: ஆம், அதையும் பறவைகள் உண்கின்றன, ஆற்றலுக்காக அல்ல, கால்சியத்துக்காக. நெதர்லாந்துக் காடுகளில் அமில மழையால் மண்ணில் கால்சியம் குறைந்தது, நத்தைகள் அருகின, ஓடு கிடைக்காத பட்டாணிக்குருவிகள் மெல்லிய தோடுள்ள முட்டைகளை இட்டன. 1990களில் ஆய்வாளர்கள் இதைக் கண்டறிந்தார்கள்.