கண்டிப்பதும் வருந்துவதும்

கேள்வி: நெல்லை ஜங்ஷன் சுவர்களில் எந்தக் கட்சியின் சுவரொட்டியைப் பார்த்தாலும் ‘வன்மையாகக் கண்டிக்கிறோம்’ என்றிருக்கிறது. ஆங்கில நாளிதழ்களிலும் ‘இன் தி ஸ்ட்ராங்கஸ்ட் டெர்ம்ஸ்’ (மிகக் கடுமையான சொற்களில்) என்று அடிக்கடி வருகிறதே, இரண்டும் ஒன்றுதானா?
– வாசகர், பாளையங்கோட்டை

பதில்: தேய்ந்துபோன தொடர்கள் என்ற அளவில் இரண்டும் ஒன்றே. ஆனால் அரசுகள் பேசும் ஆங்கிலத்தில், அடைமொழியை விட்டுவிட்டு வினைச்சொல்லைப் பார்க்க வேண்டும். ‘கன்சர்ன்’ (கவலை), ‘ரிக்ரெட்’ (வருத்தம்), ‘டிப்ளோர்’ (கடும் வருத்தம்), ‘கண்டெம்’ (கண்டனம்) என்று கடுமை படிப்படியாக ஏறும். எந்தப் படியில் நிற்பது என்பதற்கே பேரம் நடக்கும். உக்ரைன் குறித்து 2022 பிப்ரவரி 25 அன்று ஐ.நா. பாதுகாப்பு அவையில் வாக்கெடுப்புக்கு வந்த தீர்மான வரைவில் முதலில் ‘கண்டெம்’ என்றுதான் இருந்தது. சீனா எதிர்த்து வாக்களித்துவிடக் கூடாது என்பதற்காக அதை ‘டிப்ளோர்’ என்று தணித்தார்கள். ரஷ்யா வீட்டோவால் அதையும் வீழ்த்தியது. சீனா, இந்தியா, ஐக்கிய அரபு அமீரகம் ஆகியவை வாக்களிக்காமல் ஒதுங்கின. மார்ச் 2 அன்று பொதுச்சபையில் 141 நாடுகள் ஆதரித்த தீர்மானமும் படையெடுப்பை ‘டிப்ளோர்’ என்றே சொல்லி, நீங்கள் குறிப்பிட்ட தொடரை அதற்கு வாலாகச் சேர்த்தது. வினையில் விட்டதை அடைமொழியில் பிடிக்கப் பார்த்தார்கள் என்றே எனக்குத் தோன்றுகிறது.

வினைக்கு அடுத்தபடியாக, கண்டனம் யார் மீது விழுகிறது என்று பாருங்கள். ஜாலியன்வாலா பாக் படுகொலையின் நூற்றாண்டையொட்டி 2019 ஏப்ரலில் பேசிய பிரிட்டிஷ் பிரதமர் தெரசா மே, நடந்ததற்கு ஆழ்ந்த வருத்தம் தெரிவித்தார், மன்னிப்புக் கேட்கவில்லை. நடந்தது என்று சொல்லும்போது நடத்தியவர் வாக்கியத்துக்குள் வருவதே இல்லை. அதே படுகொலையை 1920 ஜூலை 8 அன்று, அப்போது போர்த்துறை அமைச்சராக இருந்த சர்ச்சில் (இந்தியாவின் மேல் பெரிய அன்பு கொண்டவரல்லர் என்பது ஊரறிந்தது) பிரிட்டிஷ் மக்களவையில் ‘மான்ஸ்ட்ரஸ்’ என்றார், அதாவது கொடூரம் என்றார். அந்தச் சொல்லைவிட, கூட்டத்திடம் துப்பாக்கிகள் இல்லை, அது யாரையும் தாக்கவில்லை, தப்பிக்க வழியில்லாத இடத்தில் அடைபட்டிருந்தது என்று அவர் ஒவ்வொன்றாக விவரித்ததுதான் கேட்டவர்களைச் சுட்டிருக்கும். ஆயினும் அந்தப் பேச்சிலேயே, பேரரசின் நவீன வரலாற்றில் இதற்கு இணையாக வேறொன்று இல்லை என்று நிகழ்ச்சியைத் தனியே பிரித்து நிறுத்தினார். அவ்வளவு கடுமையும் சுட ஆணையிட்ட ஜெனரல் டையர் என்ற ஒருவர் மேல் இறங்கியது. அவரை அங்கே அமர்த்திய ஆட்சியின் மேல் ஒரு சொல்லும் படவில்லை.