வாசகர் கேள்வி, மருத்துவர் பதில்: இலவசக் கொசுவலை வீணாகிறதா?

(மேற்குக் கென்யாவில், விக்டோரியா ஏரிக்கரை ஊர்களில் நான்கு ஆண்டுகள் மலேரியாத் தடுப்புப் பணி செய்துவிட்டு ஊர் திரும்பிய மருத்துவர் பதிலளிக்கிறார்.)

ஆப்பிரிக்காவில் மலேரியாவுக்கு என்று கொடுக்கும் கொசுவலையில் மீன் காயப்போடுகிறார்களாமே? சும்மா கொடுத்தால் இப்படித்தான். சிறு தொகையாவது வாங்கினால் பொறுப்பு வராதா?
– வாசகர், ஈரோடு

மீன் காய்ந்ததை நானே பார்த்திருக்கிறேன். அந்த ஏரியில் ஒமேனா என்று ஒரு பொடி மீன் உண்டு. நம் நெத்திலி போல விரல் நீளம், வெள்ளி நிறம். கரை மணலில் நீலக் கொசுவலையை விரித்து, அதன்மேல் ஒரு பெண்மணி மீனைப் பரப்பிக்கொண்டிருந்தார். எனக்குச் சுருக்கென்றது. குனிந்து வலையின் ஓரத்தைத் தூக்கிப் பார்த்தேன். கை நுழையும் அளவுக்கு இரண்டு கிழிசல். ஒரு மூலை முழுவதும் அடுப்புப் பொறி பட்ட பொத்தல்கள். "இது பழையது, டக்தாரி" என்று சொல்லி, வீட்டுக்குள் அழைத்துப் போய்க் கட்டிலுக்கு மேல் கட்டியிருந்த புதிய வலையைக் காட்டினார். கிழிந்த வேட்டியை நாம் கரித்துணி ஆக்குவதில்லையா?

நல்ல வலையே மீனுக்குப் போவதும் உண்டு, மறுக்கவில்லை. பொடிக் கண்ணி வலையை ஏரியில் இறக்கினால் மீன்குஞ்சுகூடத் தப்பாது, அது தவறுதான். ஆனால் அதைக் காட்டி எல்லோரிடமும் காசு கேட்பது பெரிய தவறு. இதே மேற்குக் கென்யாவில் சோதித்தே பார்த்துவிட்டார்கள். கருவுற்ற பெண்கள் வரும் சில மருத்துவ நிலையங்களில் வலையை இலவசமாகவும், சிலவற்றில் 10, 20, 40 ஷில்லிங் என்றும் கொடுத்தார்கள். 40 ஷில்லிங் என்பது அன்று சுமார் 60 அமெரிக்க சென்ட். இலவசத்தில் நூறு பேருக்கு எத்தனை பேர் வாங்கினார்களோ, அந்த விலையில் அதைவிட 60 பேர் குறைந்துவிட்டார்கள். காசு கொடுத்தவர்கள் கூடுதலாகப் பயன்படுத்தினார்களா என்றால், அதுவும் இல்லை. 2010இல் வெளியான ஆய்வு இது. மறுப்பவர்கள் அந்தத் தாய்மார் கையில் எவ்வளவு இருந்தது என்று ஒருநாள் உடனிருந்து பார்க்க வேண்டும்.

இன்னொன்று. மருந்தேற்றிய வலை, உள்ளே தூங்குகிறவரை மட்டும் காப்பதில்லை. வந்து உட்காரும் கொசுவையும் கொல்கிறது. அதனால் அதே மேற்குக் கென்யாவின் ஆசெம்போ பகுதியில் நடந்த ஆய்வில், வலையே இல்லாத வீடுகளிலும், 300 மீட்டருக்குள் வலை வீடுகள் இருந்தால், பிள்ளைகளுக்கு நன்மை தெரிந்தது. ஏழை வீடு வாங்காமல் போனால் பக்கத்து வீட்டுக்கும் நட்டம்.

எனக்குத் தலைவலி கொடுத்தது மீன் அல்ல, ஆணி. ஒற்றை அறை, மண்சுவர், தகரக் கூரை. பகலில் அடுப்பும் உட்காரும் இடமும் அதுவே. இரவில் பிள்ளைகளுக்குத் தரையில் பாய். வலையோ கட்டிலுக்கு அளவெடுத்தது. ஒரு வீட்டில் கல்லால் ஆணி அடிக்க அடிக்க மண் உதிர்ந்தது. கடைசியில் கூரைக் கழியில் கற்றாழைநார்க் கயிறு கட்டி நான்கு மூலையையும் இழுத்து, ஓரத்தைப் பாய்க்கு அடியில் செருகினோம். ஒன்றரை மணி நேரம் ஆயிற்று. அங்கே மலேரியாக் கொசு கடிப்பது பெரும்பாலும் ஊர் அடங்கிய பின்தான், விடியும்வரை. வலை மடித்துப் பெட்டியில் இருந்தால் யாருக்கு என்ன பயன்? கணக்கில் "வழங்கப்பட்டது" என்று எழுதிவிட்டுப் போகிறவர்கள் மேல் எனக்கு இன்றும் கோபம் உண்டு.

அந்த மருந்து குழந்தைக்குக் கெடுதல் செய்யாதா? எத்தனை நாள் தாங்கும்?
– வாசகி, மன்னார்குடி

பயப்பட வேண்டாம். சாமந்திக் குடும்பத்துப் பூ ஒன்றின் சாற்றைப் பார்த்துச் செயற்கையாகச் செய்த பைரித்ராய்டு என்னும் பூச்சிமருந்து அது. கென்ய மலைப்பகுதியில் அந்தப் பூவே விளைகிறது. வலையில் உள்ள அளவு நமக்கு ஆபத்தில்லை. பிரித்ததும் ஒருநாள் நிழலில் காற்றாட விட வேண்டும். இல்லையென்றால் முகம் சற்று எரியும். சாதாரண சோப்பில் அலசி நிழலில் காயவைத்தால் ஏறக்குறைய மூன்று ஆண்டு. வெயில் பட்டால் மருந்து போய்விடும்.

கொசுவுக்கு மருந்து பழகிவிட்டதாமே?
– வாசகர், நாகர்கோவில்

ஆம், பல இடங்களில் பழகிவிட்டது. அதனால் வலையும் மாறுகிறது. ஏரியின் தென்கரையில், தான்சானியாவில், பைரித்ராய்டுடன் குளோர்ஃபெனபிர் என்னும் வேறொரு பூச்சிமருந்தையும் சேர்த்த வலையைச் சோதித்தார்கள். பழைய வகையைவிடப் பிள்ளைகளின் மலேரியா இரண்டு ஆண்டில் 44 சதவீதம் குறைந்தது. உலக சுகாதார நிறுவனம் 2023இல் அதைப் பரிந்துரைத்துவிட்டது.

தடுப்பூசி வந்துவிட்டதே, இனி வலை எதற்கு?
– வாசகி, கோவை

கென்யாவில் 2019 செப்டம்பரில் தொடங்கினார்கள். நான் அப்போது அங்கே இருந்தேன். நான்கு தவணை. முழுவதும் போட்ட பிள்ளைகளுக்கும், சோதனையில் நான்காண்டுக் கணக்கில், பத்தில் நான்கு மலேரியாவைத்தான் அது தடுத்திருந்தது. அதுவே பெரிய காரியம். 2023இல் உலகில் மலேரியாவுக்குப் பலியான சுமார் 5,97,000 பேரில் பெரும்பாலோர் ஆப்பிரிக்காவின் ஐந்து வயதுக்கு உட்பட்ட பிள்ளைகள். மீதி ஆறுக்கு வலை வேண்டும். ஊசி போட்டு, அட்டையில் அடுத்த தேதியை எழுதிக் கொடுக்கும்போது ஒவ்வொரு தாயிடமும் கேட்பேன்: "நேற்று இரவு பிள்ளை வலைக்குள் தூங்கியதா?" இல்லை என்றால், அன்று மாலை கயிறும் ஆணியும் எடுத்துக்கொண்டு அந்த வீட்டுக்குப் போவேன்.