பேண்டு ஆட்டம் காணும்போது தனி ஆல்பம்: உங்கள் கேள்விகளுக்குப் பதில்

டர்பனில் கிரே ஸ்ட்ரீட் பக்கம் ஒரு கடையில் ரொம்ப காலம் ரெக்கார்டு விற்றவன் நான். பழைய ராக் குழுக்களைப் பற்றி, குறிப்பாகக் குழு உடையப்போகிற நேரத்தில் ஆளாளுக்குத் தனி ஆல்பம் போடுகிறார்களே அதைப் பற்றிக் கேளுங்கள் என்று சொல்லியிருந்தேன். வந்த கேள்விகளில் ஒரே மாதிரி இருந்தவற்றைச் சேர்த்துவிட்டேன். யார் பாட்டு உசத்தி என்கிற சண்டைக்கு நான் வரமாட்டேன், முடிந்தவரை.

ஃபீனிக்ஸிலிருந்து: அங்கிள், பால் மெக்கார்ட்னி தனி ஆல்பம் போட்டதால்தானே பீட்டில்ஸ் உடைந்தது?

தம்பி, தேதிகளை வரிசையாக வைத்துப் பாருங்கள். 1969 செப்டம்பரிலேயே ஜான் லெனன் தான் விலகுவதாக மற்றவர்களிடம் சொல்லிவிட்டார், விஷயம் வெளியே கசியாமல் பார்த்துக்கொண்டார்கள், அவ்வளவுதான். 1970 மார்ச் 27 அன்று டிரம்மர் ரிங்கோவின் தனி ஆல்பம் வந்தது. ஏப்ரல் 17 மெக்கார்ட்னியுடையது. மே 8 அன்று குழுவின் 'லெட் இட் பி'. இப்படி முட்டிக்கொள்ளுமே, கொஞ்சம் தள்ளிப் போடு என்று மற்றவர்கள் பாலுக்குக் கடிதம் எழுதி, அதை ரிங்கோ கையில் கொடுத்து பால் வீட்டுக்கு அனுப்பினார்கள், பாலுக்கு வந்த கோபத்தில் ரிங்கோவை வெளியே போகச் சொல்லிவிட்டார். தன் ஆல்பத்தோடு பத்திரிகைகளுக்கு அவர் கொடுத்த கேள்வி பதில் தாள் ஏப்ரல் 10 அன்று செய்தியானது, பால்தான் உடைத்தார் என்று ஊர் முழுக்கப் பேச்சாகிவிட்டது. முதலில் கிளம்பியவர் ஒருத்தர், பெயர் கெட்டது இன்னொருத்தருக்கு. அந்த வருஷம் டிசம்பர் 31 அன்று பால் கோர்ட்டுக்குப் போனார், சட்டப்படி எல்லாம் முடிய 1975 ஜனவரி ஆனது.

சாட்ஸ்வொர்த்திலிருந்து: அந்தக் காலத்தில் நம் ரேடியோவில் பீட்டில்ஸே போடமாட்டார்கள் என்று எங்கள் அப்பா சொல்வார். நிஜமா அண்ணா?

நிஜம்தான். இயேசுவைவிட நாங்கள் பிரபலம் என்கிற மாதிரி லெனன் சொன்ன வார்த்தைக்காக 1966இல் தென்னாப்பிரிக்க ஒலிபரப்புக் கழகம் பீட்டில்ஸ் பாட்டு எதையும் போடக்கூடாது என்று தடை போட்டது. தடை 1971இல்தான் நீங்கியது. குழுவே இல்லாமல் போனபிறகு! அப்போதும் லெனனின் பாட்டுக்கு மட்டும் தடை தொடர்ந்தது. பாப் பாட்டு கேட்க ஆசைப்பட்ட இளசுகள் லோரென்ஸோ மார்க்கெஸிலிருந்து, அதாவது இப்போதைய மபூட்டோவிலிருந்து, வந்த எல்.எம். ரேடியோவுக்கு முள்ளைத் திருப்பிக்கொண்டிருந்தார்கள்.

ஸ்டேஞ்சரிலிருந்து: ஜார்ஜ் ஹாரிசன் பீட்டில்ஸில் ஓரமாக இருந்தவர்தானே, தனியாக வந்ததும் ஒரேயடியாக மூன்று தட்டு ஆல்பம் போட எங்கிருந்து பாட்டு வந்தது?

இந்தக் கேள்விக்காகத்தான் காத்திருந்தேன். ஒரு எல்.பி.யில், அதாவது ஆல்பம் வரும் பெரிய தட்டில், இரண்டு பக்கமும் சேர்த்து நாற்பது, நாற்பத்தைந்து நிமிஷம்தான் நன்றாகப் பிடிக்கும். லெனனும் மெக்கார்ட்னியும் பாட்டு எழுதிக் குவித்துக்கொண்டிருந்தபோது ஜார்ஜுக்கு ஆல்பத்துக்கு ஒன்றோ இரண்டோ, அதிர்ஷ்டம் இருந்தால் மூன்றோ கிடைத்தது. அவர் எழுதுவதை நிறுத்தவில்லை, பாட்டு வீட்டில் சேர்ந்துகொண்டே போனது. 'இஸின்ட் இட் எ பிட்டி' 1966லேயே கையில் இருந்த பாட்டு, குழு எடுத்துக்கொள்ளவில்லை. 1970 நவம்பரில் 'ஆல் திங்ஸ் மஸ்ட் பாஸ்' மூன்று தட்டாக வந்தது என்றால் அது ஒரு வருஷத்து உழைப்பு இல்லை, அதில் நிறைய வருஷக்கணக்கில் அடைத்து வைத்தது. அதில் வரும் ஹரே கிருஷ்ணா கோஷத்தை நம் சாட்ஸ்வொர்த் ராதாநாத் கோயில் பக்கம் வளர்ந்தவர்கள் கேட்டால் சிரிப்பார்கள், நமக்குப் பழகிய சத்தம்தானே.

என் கருத்தைச் சொல்லிவிடுகிறேன்: தனி ஆல்பம் குழுவை உடைப்பது அபூர்வம். பாட்டுக்கு இடம் இல்லாமல் போவதும் பாட்டு எழுதியவருக்குப் போகிற பணமும்தான் உடைக்கிறது. தனி ஆல்பம் அந்த உடைசல் வெளியே தெரிகிற இடம்.

பீட்டர்மாரிட்ஸ்பர்க்கிலிருந்து: எழுதியவருக்குப் பணம் என்கிறீர்களே, எல்லோரும் சேர்ந்துதானே வாசிக்கிறார்கள்?

வாசிப்பதற்கு ஒரு வழியில் பணம், எழுதியதற்கு வேறு வழியில். தட்டு விற்றால் குழுவுக்கு ராயல்டி, அதாவது விற்பனையில் ஒரு பங்கு, உண்டு, ஆனால் கொடுத்த முன்பணம், ஸ்டுடியோ செலவு எல்லாவற்றையும் கம்பெனி அதிலிருந்து பிடித்துக்கொண்டு மிச்சத்தைத்தான் கொடுக்கும், அதையும் நான்கு ஐந்து பேர் பங்கு போடணும். எழுதியவரின் ராயல்டி அந்தக் கணக்கில் சேராது. விற்கிற ஒவ்வொரு தட்டுக்கும், ரேடியோவில் போடும் ஒவ்வொரு முறைக்கும் அவருக்கும் அவருடைய பதிப்பாளருக்கும் தனியாகப் போகும். குயீன் குழுவின் 'பொஹீமியன் ராப்ஸடி' சிங்கிளை, பக்கத்துக்கு ஒரு பாட்டு உள்ள சின்னத் தட்டை, எடுத்துக்கொள்ளுங்கள். முன்பக்கம் பாடகர் ஃப்ரெடி மெர்க்குரி எழுதியது. பின்பக்கம் டிரம்மர் ரோஜர் டெய்லர் காரைப் பற்றி எழுதிய ஒரு பாட்டு. தட்டை வாங்கியவர்கள் எல்லோரும் முன்பக்கத்துக்காகத்தான் வாங்கினார்கள், ஆனால் இரண்டு பாட்டுக்கும் எழுத்து ராயல்டி சமம். குழுவுக்குள் இது எத்தனை வருஷம் முணுமுணுப்பாக இருந்திருக்கும் என்று யோசியுங்கள். 1989 ஆல்பத்தில்தான் எல்லாப் பாட்டுக்கும் குழுவின் பெயரையே போட்டு முடித்தார்கள். அடுத்த முறை பழைய ரெக்கார்டு கையில் கிடைத்தால் நடுவில் உள்ள லேபிளில் அடைப்புக்குறிக்குள் யார் பெயர் இருக்கிறது என்று பாருங்கள், பாதிக் கதை அங்கேயே இருக்கும்.

லெனேஸியாவிலிருந்து: கிஸ் குழு நாலு பேரும் ஒரே நாளில் தனி ஆல்பம் போட்டது பற்றி?

1978 செப்டம்பர் 18. நாலு உறை, நாலு மேக்கப் முகம். ஒவ்வொன்றிலும் பத்து லட்சம் பிரதிகளுக்குமேல் கடைகளுக்கு அனுப்பினார்கள், ஏராளமாகத் திரும்பி வந்தது. கிட்டாரிஸ்ட் ஏஸ் ஃப்ரேலியுடையதுதான் உருப்படி. சண்டையைத் தணிக்கப் போட்ட திட்டம் என்பார்கள், தணியவில்லை: 1980இல் டிரம்மர் போனார், 1982இல் ஏஸும் போனார்.

வெருலத்திலிருந்து: சன் சிட்டி நிகழ்ச்சிக்கு அப்புறம் குயீன் உடைகிற நிலைக்குப் போனதாமே? ஃப்ரெடி தனி ஆல்பம் போட்டது அதனாலா?

இரண்டும் வேறு வேறு, தங்கச்சி. 1984 அக்டோபரில், நிறவெறி அரசு கறுப்பர்களுக்குத் தனி நாடு என்று பிரித்து வைத்திருந்த பொபுதத்ஸ்வானாவில் இருந்த சன் சிட்டிக்கு வந்து வாசித்தார்கள். நிறவெறி ஆட்சியை எதிர்த்து, கலைஞர்கள் இங்கே வரக்கூடாது என்று புறக்கணிப்பு நடந்துகொண்டிருந்த காலம் அது. ஐ.நா. கறுப்புப் பட்டியலில் பெயர் ஏறியது, பிரிட்டனில் இசைக்கலைஞர் சங்கம் அபராதம் போட்டது. ஸான்ஸிபாரில் பிறந்த பார்சிப் பையன் பாடுகிற குழு அந்த நேரத்தில் இங்கே வந்திருக்கவே கூடாது, இது என் அபிப்பிராயம், மாற்றிக்கொள்ளப் போவதில்லை. தனி ஆல்பம் ஃப்ரெடிக்கு ஏற்கெனவே இருந்த ஆசை, டெய்லர் 1981லேயே ஒன்று போட்டிருந்தார். 'மிஸ்டர் பேட் கை' 1985 ஏப்ரலில் வந்தது, பெரிதாக ஓடவில்லை. ஜூலை 13 அன்று எத்தியோப்பியப் பஞ்ச நிவாரணத்துக்கு நடந்த லைவ் எயிட் மேடை, குழு மறுபடி ஒட்டிக்கொண்டது. ஃப்ரெடி இறந்தபிறகு 1995இல் மற்ற மூன்று பேரும் அந்தத் தனி ஆல்பத்துப் பாட்டு இரண்டை எடுத்து, தாங்கள் வாசித்துச் சேர்த்து, குயீன் பாட்டாகவே வெளியிட்டார்கள்.

லேடிஸ்மித்திலிருந்து: பிங்க் ஃபிளாய்டில் வாட்டர்ஸுக்கும் கில்மருக்கும் நடந்த சண்டையில் யார் பக்கம் நியாயம்?

இதற்குப் பதில் சொன்னால் வீட்டுக்குக் கல் வரும். ஒன்று மட்டும் சொல்கிறேன். 1978இல் கிட்டாரிஸ்ட் கில்மரும் கீபோர்டு வாசித்த ரைட்டும் தனி ஆல்பம் போட்டார்கள், கையில் இருந்த சரக்கை அதில் செலவழித்துவிட்டார்கள் போல, அடுத்த குழு ஆல்பத்துக்கு வாட்டர்ஸ் கொண்டுவந்ததுதான் மிச்சம். அது 'தி வால்'. அந்த வேலையின்போதே ரைட்டை வெளியேற்றினார்கள், மேடை நிகழ்ச்சிக்கு மட்டும் சம்பளத்துக்கு வைத்துக்கொண்டார்கள். நிகழ்ச்சி நஷ்டம். மூன்று பங்குதாரர்களும் கையிலிருந்து போட்டார்கள், சம்பளக்காரர் ரைட் மட்டும் லாபத்தோடு வீட்டுக்குப் போனார்!

ஓவர்போர்ட்டிலிருந்து: எல்லாம் வெள்ளைக்காரன் கதையாக இருக்கிறதே, நம்ம ஊரில் யாரும் இல்லையா அங்கிள்?

நம்ம டர்பன் பையன்கள் தி ஃபிளேம்ஸ் இருக்கிறார்களே! ஸ்டீவ், பிரதர், ரிக்கி என்று ஃபத்தார் சகோதரர்கள் மூவர், கூட பிளாண்டி சாப்ளின். அறுபதுகளில் 'ஃபார் யுவர் ப்ரெஷஸ் லவ்' இங்கே கேட்காத வீடு இல்லை. லண்டன் போனார்கள், அங்கே அமெரிக்காவின் பீச் பாய்ஸ் குழுவின் கார்ல் வில்சன் கண்ணில் பட்டு, அந்தக் குழுவின் பிரதர் ரெக்கார்ட்ஸ் கம்பெனியில் 1970இல் ஒரு ஆல்பம், பெயரைக் கொஞ்சம் சுருக்கி 'தி ஃபிளேம்' என்று. அப்புறம் குழு கலைந்தது. ரிக்கியும் பிளாண்டியும் 1972இல் பீச் பாய்ஸிலேயே சேர்ந்துவிட்டார்கள், 1973இல் வந்த 'செயில் ஆன், செய்லர்' பாட்டில் ஒலிப்பது பிளாண்டியின் குரல். அந்த நிறத்துக்காரன் இந்த மேடையில் ஏறக்கூடாது என்று சட்டம் இருந்த ஊரிலிருந்து போய் அமெரிக்காவின் பெரிய குழுவில் முன்னே நின்று பாடியது சின்ன விஷயமா? 1977இல் அவர் தன் பெயரிலேயே ஆல்பம் போட்டார். ஸ்டீவ் டர்பனிலேயே வாசித்துக்கொண்டிருந்து 2020இல் காலமானார். உலகம் முழுக்கச் சுற்றியவர்களைவிட அவர் கிட்டார்தான் எனக்குப் பிடிக்கும், இது ஊர்ப்பாசம்.

சண்டையே இல்லாத பிரிவும் உண்டு. 1985இல் நம் நாட்டு ஜுலுக்கா குழுவில் சிபோ மசூனு குடும்ப நிலத்தையும் மாடுகளையும் பார்த்துக்கொள்ள ஊருக்குத் திரும்பினார், கூட இருந்த ஜானி கிளெக் சவூக்கா என்ற புதுக் குழுவை ஆரம்பித்தார், பின்னால் இருவரும் மறுபடி சேர்ந்தும் பாடினார்கள்.

டோங்காட்டிலிருந்து: என் மகன் ஒரு பேண்டில் பேஸ் கிட்டார் வாசிக்கிறான். பாடகப் பையன் தனியாகப் பாட்டு போடப்போகிறானாம். இவன் சோறு இறங்காமல் உட்கார்ந்திருக்கிறான். என்ன சொல்ல?

அம்மா, தனிப்பாட்டை விடுங்கள், அது வந்தால் வரட்டும். மகனிடம் இரண்டு விஷயம் கேளுங்கள். இதுவரை செய்த பாட்டுகளில் யாருக்கு எத்தனை பங்கு என்று எழுதிக் கையெழுத்துப் போட்டிருக்கிறார்களா? இல்லையென்றால் எல்லோரும் இன்னும் பேசிக்கொள்கிற நிலையில் இருக்கும்போதே எழுதிவிட்டு, பாட்டு எழுதியவர்களுக்கு ராயல்டி வசூலித்துக் கொடுக்கும் சாம்ரோவில் ஆளுக்கு ஆள் உறுப்பினராகி, பாட்டுகளை அந்தப் பங்கின்படி பதிவு செய்யச் சொல்லுங்கள், ரேடியோ பணம் அந்தப் பதிவை வைத்துத்தான் வரும். பேஸ் லைன் மட்டும் போட்டவனுக்கு எழுதிய பங்கு உண்டா என்று கேட்டால், தானாகக் கிடைக்காது, மற்றவர்கள் ஒத்துக்கொண்டால் உண்டு. இரண்டாவது, பேண்டின் பெயர் யாருக்குச் சொந்தம்? பாடகன் போனால் பெயரும் அவனோடு போகுமா? பிங்க் ஃபிளாய்டு இதற்கு வக்கீலுக்குக் கொட்டிய பணத்துக்கு ஒரு தெருவையே வாங்கியிருக்கலாம். உங்கள் மகனுக்கு ஒரு தாளும் நாலு கையெழுத்தும் போதும். ஏதாவது பாட்டு பதிவு செய்திருந்தால் எனக்கு ஒன்று அனுப்பச் சொல்லுங்கள், பேஸ் நன்றாக இருந்தால் நானே கூப்பிட்டுச் சொல்கிறேன்.