முன்தீர்ப்பு ‘ஓவர்ரூல்’ ஆனால் என் வழக்கும் மாறுமா?

கேள்வி: அப்பா 2003இல் காலமானார். பூர்வீகச் சொத்தில் அண்ணனுக்குச் சமமான பங்கு கேட்டு வழக்குப் போட்டேன். ‘பிரகாஷ் எதிர் புலவதி’ தீர்ப்பைக் காட்டி 2018இல் மறுத்துவிட்டார்கள். அப்பாவின் பங்கிலிருந்து ஒரு சிறு பகுதி மட்டும் கிடைத்தது. அந்தத் தீர்ப்பை உச்ச நீதிமன்றம் ‘ஓவர்ரூல்’ செய்துவிட்டதாமே, என் தீர்ப்பும் ரத்தாகிவிட்டதா?

பதில்: தானாக ரத்தாகாது, அம்மா. ஆனாலும் நம்பிக்கையை விட்டுவிடாதீர்கள்.

அலுவலகத்தில் நம் முடிவை மேலதிகாரி தள்ளிவிட்டால் ‘ஓவர்ரூல் செய்துவிட்டார்’ என்கிறோம். அங்கே அந்த முடிவே விழுந்துவிடுகிறது. சாட்சி விசாரணையில் ஆட்சேபணையை நீதிபதி ஓவர்ரூல் செய்தாலும் அப்படித்தான். ஆட்சேபணை போயிற்று, கேள்வி தொடரும். முன்தீர்ப்பு விஷயத்தில் அப்படியல்ல. உங்கள் தீர்ப்பையே மேல்முறையீட்டில் மாற்றினால் அதற்கு ‘ரிவர்ஸ்’ என்று பெயர். வேறொருவர் வழக்கில், பழைய தீர்ப்பு தந்த சட்ட விளக்கம் தவறு என்று பெரிய அமர்வு அறிவிப்பதுதான் ‘ஓவர்ரூல்’. விழுவது விளக்கம் மட்டுமே. அதை நம்பி முடிந்துபோன வழக்குகள் அப்படியே நிற்கும்.

புலவதி வழக்கில் இரு நீதிபதிகள், மகளுக்கும் சம உரிமை தந்த சட்டத் திருத்தம் அமலுக்கு வந்த 2005 செப்டம்பர் 9 அன்று தந்தை உயிரோடு இருந்திருந்தால்தான் மகளுக்குச் சம பங்கு என்றார்கள். 2020 ஆகஸ்டில் ‘வினீதா சர்மா’ வழக்கில் மூன்று நீதிபதிகள் அந்த நிபந்தனையே கூடாது என்றார்கள். பிறப்பாலேயே மகளுக்கு உரிமை உண்டு. அதே கருத்தைச் சொன்ன, தமிழ்நாட்டிலிருந்து போன மங்கம்மாள் வழக்கின் தீர்ப்பும் அன்றே ஓவர்ரூல் ஆனது.

இதைக் காட்டிச் சீராய்வு மனு (தீர்ப்புத் தந்த நீதிமன்றமே அதை மறுபடி பார்க்கக் கோரும் மனு) போடலாம் என்று யாராவது சொன்னால் நம்பிப் பணம் கட்டாதீர்கள். வேறொரு வழக்கில் மேல் நீதிமன்றம் சட்ட நிலையை மாற்றியது சீராய்வுக்குக் காரணமாகாது என்று உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 47ஆம் கட்டளை, 1ஆம் விதியின் விளக்கமே சொல்கிறது.

நீங்கள் பார்க்க வேண்டியது வேறு. பாகப்பிரிவினை வழக்கில் முதலில், யாருக்கு எவ்வளவு பங்கு என்று சொல்லும் முதல்நிலைத் தீர்ப்பாணை வரும். நீதிமன்றம் நியமிக்கும் கமிஷனர் நிலத்தை அளந்து பிரித்த பிறகே இறுதித் தீர்ப்பாணை. உங்களுக்கு வந்தது முதல்நிலை மட்டும் என்றால் வழக்கு இன்னும் முடியவில்லை. இறுதித் தீர்ப்பாணை நடவடிக்கையோ மேல்முறையீடோ நிலுவையில் இருந்தால், முதல்நிலைத் தீர்ப்பாணை வந்திருந்தாலும் மகளுக்குச் சம பங்கு தர வேண்டும் என்று வினீதா சர்மா தீர்ப்பு தெளிவாகச் சொல்கிறது. சொத்து 2004 டிசம்பர் 20க்கு முன்பே பதிவுப் பத்திரத்தாலோ நீதிமன்றத் தீர்ப்பாணையாலோ பிரிக்கப்பட்டிருந்தால் இது பொருந்தாது.

தீர்ப்பாணையின் சான்றிட்ட நகலை வாங்கி, அது முதல்நிலையா இறுதியா என்பதை உங்கள் வழக்கறிஞரிடம் கேளுங்கள். முதல்நிலை என்றால், பங்கைத் திருத்தக் கோரும் மனுவை இறுதித் தீர்ப்பாணை வருவதற்கு முன்பே தாக்கல் செய்துவிடுங்கள்.