மணத்தக்காளி: கேள்வியும் பதிலும்

கேள்வி: விதைக்கவே இல்லை. சுவர் விரிசலில் மணத்தக்காளி முளைத்திருக்கிறது. எப்படி?

பறவை எச்சம்தான் காரணம். கொண்டைக்குருவி, மைனா போன்றவை பழத்தை முழுசாக விழுங்கும். ஒரு பழத்துக்குள் பல பத்துத் தட்டை விதைகள் இருக்கும். அவை குடலில் சிதையாமல் வெளியே வரும். கிளறிப் போட்ட மண், இடிந்த சுவர், குப்பைமேடு என்று வெயில் படும் வெற்றிடங்களில் முதலில் தலைகாட்டும் செடிகளில் இதுவும் ஒன்று. மண்ணில் புதைந்த விதை பல ஆண்டுகள் உறங்கிக் கிடந்து, கிளறி வெளிச்சம் பட்டதும் முளைக்கும்.

கேள்வி: சார், பூவில் தேனீ உட்கார்ந்து நான் பார்த்ததே இல்லை. ஆனாலும் காய்க்கிறதே?

பூவில் தேன் கிடையாது, மகரந்தம் மட்டும்தான். நடுவில் கூம்பாக நிற்கும் மஞ்சள் மகரந்தப்பைகளை உருப்பெருக்கிக் கண்ணாடியில் பாருங்கள்: பை பக்கவாட்டில் பிளக்காது, நுனியில் சின்ன ஓட்டை இருக்கும். பூவைப் பிடித்துக்கொண்டு உடலை அதிரவைக்கும் தச்சுத் தேனீ, நீலப்பட்டைத் தேனீ போன்றவைதான் மகரந்தத்தை நன்றாக உதிர்க்க முடியும். கூட்டில் வளர்க்கும் தேனீக்கு அந்த வித்தை தெரியாது. யாருமே வராவிட்டாலும் தன் மகரந்தத்திலேயே காய் பிடிக்கும்.

கேள்வி: இலையெல்லாம் சல்லடை. மேலே புள்ளி வண்டு. அது நன்மை செய்யும் பூச்சி இல்லையா?

இது வேறு இனம். அசுவினி என்னும் செடிப்பேனைத் தின்னும் பொறிவண்டின் முதுகு வழவழவென்று மின்னும். இதன் முதுகில் மெல்லிய முடி, மங்கலான நிறம், பெரும்பாலும் 28 புள்ளி. புழு மஞ்சளாக, உடம்பெல்லாம் கிளைத்த முள்ளோடு இலையடியில் அசையாமல் சுரண்டிக்கொண்டிருக்கும். நரம்பை விட்டுவிட்டுப் பச்சையை மட்டும் தின்பதால்தான் சல்லடை. காலையில் இலையைத் திருப்பி, புழுவையும் மஞ்சள் முட்டைக் குவியலையும் நசுக்குங்கள். கறுத்து நீண்டு வேகமாக ஓடும் புழு தெரிந்தால் விட்டுவிடுங்கள், அது அசுவினி தின்பது. மருந்தடித்தால் இரண்டும் சாகும். நான் பரிந்துரைக்க மாட்டேன்.

கேள்வி: தக்காளிப் பாத்தியில் தானாக வந்ததை விடலாமா?

அங்கே மட்டும் வேண்டாம், பிடுங்குங்கள். இரண்டும் ஒரே குடும்பம். வெள்ளை ஈ, இலைச்சுருட்டு வைரஸ், மேலே சொன்ன வண்டு எல்லாம் பயிர் இல்லாத நாளில் இதில் தங்கி, நாற்று நட்டதும் தாவும். பிடுங்கியதும் வேரைப் பாருங்கள். புடைத்த முடிச்சுகள் இருந்தால் மண்ணில் நூற்புழு இருக்கிறது, அந்தப் பாத்தியில் கத்தரி, தக்காளி நடாதீர்கள். வேலியோரம், காய்கறிக்கு எட்டத்தில் நிற்பதைப் பறவைக்கு விட்டுவைக்கலாம்.

கேள்வி: பச்சைக் காயைக் குழந்தை பறித்துத் தின்னலாமா?

கூடாது. காயில் சோலனின் என்ற நஞ்சு உண்டு. வாந்தி, வயிற்றுவலி வரும். நன்றாகக் கறுத்து, தொட்டதும் கையோடு வரும் பழம்தான் சரி. செடி இன்னதென்று உறுதியாகத் தெரியாவிட்டால் அதுவும் வேண்டாம்.

கேள்வி: பழத்தை அப்படியே புதைத்தேன். முளைக்கவில்லை.

ஆழமாகப் போயிருக்கும், சதையும் தடுத்திருக்கும். பழத்தை நீரில் பிசைந்து, அடியில் தங்கும் விதையைக் கழுவி நிழலில் உலர்த்துங்கள். ஈரமண்ணில் தூவி, 2 மி.மீ.க்கு மேல் மண் போடாமல் மூடுங்கள். நாற்றின் அடித்தண்டு கறுத்துச் சாய்ந்தால் நாற்றழுகல், தண்ணீர் அதிகமாகிவிட்டது. 4, 5 இலை வந்ததும் 30 செ.மீ. இடைவெளியில் பிரித்து நடுங்கள்.