சான்றைக் கேளுங்கள்: தானியங்கி நிரூபணம் பற்றிய கேள்வி பதில்

கோவையில் எங்கள் ஞாயிறு வாசிப்பு வட்டத்தில் வந்த கேள்விகளுக்கு என் பதில்கள்.

பொள்ளாச்சி மாணவர்: ஏனுங்க சார், சாட் சால்வர் எல்லாச் சேர்க்கையையும் சோதித்துப் பார்க்குமா?

பார்க்காது. சாட் சால்வர் என்பது, உண்மை அல்லது பொய் என்று மட்டும் இருக்கும் மாறிகளுக்கு, எழுதிய எல்லா நிபந்தனைகளும் நிறைவேறும்படி மதிப்பு கொடுக்க முடியுமா என்று தேடும் நிரல். 1962-இல் டேவிஸ், லோக்மன், லவ்லண்ட் மூவரும் தந்த வழி இது: ஒன்றை உண்மை என்று வைத்துக்கொள், அதனால் வேறு எவை தானாக முடிவாகின்றன என்று பார், முரண் வந்தால் திரும்பு. 1996-இல் வந்த கிராஸ்ப் என்ற சால்வர், முரணுக்கான காரணத்தையே புதிய நிபந்தனையாக எழுதி வைத்தது. அதனால் ஒரே பள்ளத்தில் இரண்டாம் முறை விழாது. இன்று லட்சக்கணக்கான மாறிகளைச் சமாளிக்க முடிகிறதென்றால் பெரிய காரணம் அதுதான்.

திருப்பூர்: கல்லூரி டைம்டேபிளைக் கொடுத்தேன், 'சாத்தியமில்லை' என்கிறது. கையால் போட முடிகிறதே?

உங்கள் கோப்பைப் பார்த்தேன். ஏ பிரிவு திங்கள் முதல் மணி லேபில் என்பது 3, பி பிரிவு அதே மணி அதே லேபில் என்பது 7. இரண்டும் சேர்ந்து வரக்கூடாது என்றால் '-3 -7 0' என்று எழுத வேண்டும்: '3 இல்லை அல்லது 7 இல்லை' என்று பொருள், கழித்தல் குறி 'இல்லை', 0 வரியின் முடிவு. நீங்கள் எழுதியது '-3 7 0'. ஏ வந்தால் பி-யும் வர வேண்டும் என்று அர்த்தம் மாறிவிட்டது. பி பிரிவு ஆசிரியருக்கோ அப்போது வேறு வகுப்பு. ஏ பிரிவுக்கு அந்த மணி லேப் கட்டாயம் என்றால் அப்புறம் எப்படித் தீரும்?

'இல்லை' என்று சால்வர் சொன்னால் டிராட் (DRAT) சான்றை, அதாவது அந்த முடிவுக்கு அது படிப்படியாக எழுதித் தரும் நிரூபணத்தைக் கேட்டு, தனி நிரல் கொண்டு சரிபாருங்கள். ஆனால் சான்று உறுதி செய்வது நீங்கள் எழுதியதை மட்டும்தான், நினைத்ததை அல்ல.

சேலம்: சாட்ஜிபிடி இருக்கும்போது இது எதற்கு?

அது தரும் நிரூபணத்தில் ஓட்டை இருக்கலாம். இங்கே ஒவ்வொரு படியையும் சரிபார்க்க முடியும்.

நாமக்கல்: ஏஐ வந்த பிறகும் இந்தத் துறை தேவையா?

சேலத்துக்குச் சொன்னதேதான். சான்று எங்கே என்று கேளுங்கள்.

ஈரோடு, கணித ஆசிரியை: 200 டெராபைட் நிரூபணம் என்கிறீர்கள். யாருமே படிக்க முடியாதது எப்படி நிரூபணமாகும்?

2016-இல் ஹ்யூலே, குல்மன், மாரெக் செய்த வேலையைச் சொல்கிறீர்கள், டீச்சர். 1 முதல் 7824 வரை உள்ள எண்களுக்கு இரண்டு நிறம் பூசலாம், எந்தப் பிதாகோரஸ் மும்மையும் (3, 4, 5 போல, இரண்டின் வர்க்கங்களைக் கூட்டினால் மூன்றாவதின் வர்க்கம் வரும் மூன்று எண்கள்) ஒரே நிறத்தில் வராது. 7825 வரை போனால் முடியாது. அந்த 'முடியாது'வுக்குத்தான் 200 டெராபைட். படிக்க முடியாது, சரி. ஆனால் சரிபார்க்கும் நிரல் சிறியது, அதைப் படிக்கலாம்.

ஆசிரியை மறுபடியும்: ஏன் முடியாது என்று அது சொல்லவில்லையே?

சொல்லவில்லை, அந்தக் குறை உண்மைதானுங்க. அதோடு, கருவியின் மொழியே சில இடத்தில் கைவிட்டுவிடும். 11 மாடு, 10 முளைக்குச்சி, குச்சிக்கு ஒரு மாடுதான். முடியாது என்று சந்தைக்கு வரும் குழந்தைகூடச் சொல்லும். ஆனால் இந்த வகைக் கணக்குக்கு ரெசல்யூஷன் முறையில், அதாவது இரண்டு நிபந்தனைகளைச் சேர்த்துப் புதியது ஒன்றைப் பெறும் முறையில், எழுதும் நிரூபணம், எண்ணிக்கை ஏற ஏற அடுக்குக்குறி வேகத்தில் பெருகும். 1985-இல் ஆர்மின் ஹாக்கன் நிறுவியது இது. எந்த வரைபடத்திலும் அடுத்தடுத்த பகுதிகள் ஒரே நிறத்தில் வராமல் பூச நான்கு நிறம் போதும் என்ற நான்கு நிறத் தேற்றத்தை, 1976-இல் அப்பெலுடன் சேர்ந்து கணினி கொண்டு நிரூபித்த வுல்ஃப்காங் ஹாக்கனின் மகன் இவர். அன்று அப்பாவின் நிரூபணத்துக்கும், இப்போது நீங்கள் கேட்கும் இதே கேள்விதான் வந்தது. 2005-இல் கோந்தியே அந்தத் தேற்றத்தை, நிரூபணத்தின் ஒவ்வொரு படியையும் சோதிக்கும் காக் (Coq) கருவியில் முழுதாகச் சரிபார்த்தார். எனக்கு அது போதும். உங்களுக்குப் போதாது என்பதும் நியாயமே, புரிதலுக்கான வேலை இன்னும் பாக்கி இருக்கிறது.

கோபி: எதிலிருந்து தொடங்குவது?

மினிசாட் என்ற சிறிய சாட் சால்வர். அந்த மாட்டுக் கணக்கையே எழுதி ஓட்டுங்கள். ஒவ்வொரு மாடாகக் கூட்டி, ஆகும் நேரத்தை நோட்டில் குறித்து எடுத்து வாருங்கள்.