நிலாவரையில் தேசிக்காய்

அன்புள்ள ஐயாவுக்கு,

பாடசாலை விடுமுறைக்குப் பிள்ளைகளையும் அம்மாவையும் ஏற்றிக்கொண்டு கொழும்பிலிருந்து வான் வண்டியில் யாழ்ப்பாணம் வந்தோம். ஆழங்காண முடியாத, வற்றாத கிணறு என்று எல்லாரும் சொன்னதால் நிலாவரையில் நிறுத்தினோம். சும்மா ஒரு சதுரக் கிணறு, பச்சைத் தண்ணீர். பத்து நிமிடத்தில் அலுத்துவிட்டது. இங்கே தேசிக்காய் (எலுமிச்சை) போட்டால் கடற்கரையோரக் கீரிமலைக் கேணியில் மிதக்கும் என்று அப்பம்மா சொன்னதை நம்பி மகன் (ஒன்பது வயது) ஒன்றைப் போட்டுவிட்டான். பிறகு கீரிமலைக் கேணியடியில் ஒரு மணித்தியாலம் பார்த்துக்கொண்டே நின்றான். வரவில்லை. கொழும்பு வரும்வரை முகம் தொங்கிப்போய் இருந்தான். அடுத்தமுறை இப்படி ஏமாறாமல், பிள்ளைகள் ரசிக்கக்கூடிய விசித்திரமான இடங்கள் நாலைந்து சொல்வீர்களா?

– வெள்ளவத்தையிலிருந்து ஒரு வாசகர்

அன்புள்ள தம்பி,

முதலில் மகனுக்கு என் அன்பைச் சொல்லுங்கள். உங்கள் வானில் வந்தவர்களில் நிலாவரையை ஒழுங்காகப் பார்த்தவன் அவன் ஒருவன்தான். பெரியவர் சொன்னதைக் கேட்டான், செய்து பார்த்தான், காத்திருந்தான், இல்லையென்று கண்டான். அதற்குப் பிறகு அவனுக்கு யாராவது ஏன் என்று சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை என்பது கடிதத்திலேயே தெரிகிறது. கிணற்றுக்குள் ஒரு பொருளைப் போட அவனை விட்டதும் உங்கள் பிழைதான். ஒவ்வொரு வானும் ஒவ்வொன்றைப் போட்டால் அந்தத் தண்ணீர் என்னவாகும்?

நீங்கள் கேட்ட இடங்கள்: பருத்தித்துறையில் தெருவின்மேல் கூரையிட்டுக் கட்டிய தெருமூடி மடம், கந்தரோடையின் சிறு தூபிகள், நெடுந்தீவின் பெருக்குமரம் என்ற பேயோபாப் (வானைக் குறிகட்டுவானில் விட்டுவிட்டுப் படகேற வேண்டும்). இது போதும். உங்கள் கடிதத்தில் என்னைப் பிடித்துக்கொண்டது ‘சும்மா ஒரு கிணறு’ என்ற வரி.

இராமர் அம்பு விட்டு நிலாவரையில் நீர் வரவழைத்த கதையைக் கதையாகவே பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள், குற்றமில்லை. ஆனால் ஆழங்காண முடியாதது என்று சொல்லாதீர்கள். அளந்தாயிற்று. 150 அடிக்கு மேல் இறங்குகிறது, அடித்தளம் இருக்கிறது. அது மனிதர் வெட்டிய கிணறும் இல்லை. யாழ்ப்பாணத்துச் செம்மண்ணுக்குக் கீழே இருப்பது பல மில்லியன் ஆண்டுகளுக்கு முந்திய மயோசீன் காலத்துச் சுண்ணக்கல், அந்தக் காலக் கடலின் அடியில் படிந்தது. மழைநீர் காற்றிலும் மண்ணிலும் உள்ள காபனீரொட்சைட்டைக் கரைத்துக்கொண்டு மெல்லிய அமிலமாக இறங்கி, வெடிப்புகளை அரித்துக் குகையாக்குகிறது. குகையின் கூரை தாங்காமல் ஒருநாள் உள்ளே விழுகிறது. மானிப்பாயில் இதன் தம்பி ஒன்று இருக்கிறது, பெயர் இடிகுண்டு. இடிந்து உண்டான குண்டு. ஊர்ச்சனம் வைத்த பெயரிலேயே விளக்கம் முழுவதும் இருக்கிறது.

நிலாவரையில் மேல் தண்ணீர் நல்ல தண்ணீர். இறங்க இறங்கச் சவர் (அரை உப்பு). அதற்கும் கீழே உப்பு. ஏன் இந்த அடுக்கு? இதைத்தான் மகனுக்குச் சொல்லியிருக்க வேண்டும்.

குடாநாட்டில் ஆறென்று சொல்ல வழுக்கையாறு ஒன்றுதான், அதுவும் மாரியில் மட்டும் ஓடும். நாங்கள் குடிப்பதில் பெரும்பகுதி ஐப்பசி, கார்த்திகை மழை கல்லுக்குள் இறங்கித் தங்கியது. அந்தக் கல்லுக்குள் கடலும் புகுந்து நிற்கிறது. கடல்நீர் கனம், நன்னீர் லேசு, அதனால் நன்னீர் கடல்நீரின்மேல் மிதக்கிறது. எவ்வளவு மிதக்கும் என்பதற்குக் கணக்கு இருக்கிறது. நன்னீரின் அடர்த்தி 1.000 என்றால் கடல்நீரினது ஏறக்குறைய 1.025. ஆகவே 40 அடிக் கடல்நீர்த் தூணின் பாரமும் 41 அடி நன்னீர்த் தூணின் பாரமும் ஒன்று. 40ஐ 1.025ஆல் பெருக்கிப் பாருங்கள், 41 வரும். கடல்மட்டத்துக்கு மேலே ஓர் அடி நன்னீர் நின்றால், கீழே 40 அடி நன்னீர் தாங்கி நிற்கும். ஒல்லாந்தரான படோன் கைபென் 1880களின் இறுதியிலும், ஜேர்மனியரான ஹேர்ஸ்பேர்க் 1901இலும் ஒருவரைச் சாராமல் மற்றவர் எழுதிய கணக்கு இது. ஓட்டமுள்ள நிலத்தடி நீரில், வெடிப்பு நிறைந்த கல்லில், எல்லை இவ்வளவு கூராக இராது, நடுவே சவர்ப் படை ஒன்று இருக்கும். ஆனால் கணக்கின் போக்கு மாறாது.

இப்போது அதைத் திருப்பிப் பாருங்கள். கிணற்று நீர்மட்டத்தை ஓர் அடி இறக்கி அப்படியே வைத்திருந்தால், கீழேயுள்ள உப்பு 40 அடி மேலே வரப் பார்க்கும். மனிதர் துலா மிதித்து இறைத்த காலத்தில் கிணறு ஊறுகிற வேகத்துக்கும் இறைக்கிற வேகத்துக்கும் பெரிய வித்தியாசம் இருக்கவில்லை. இறைப்பு மெசினுக்குக் களைப்பில்லை. மட்டம் இறங்கினால் குழாயை இன்னும் கீழே விடுகிறோம். அதுவும் காணாவிட்டால் கிணற்றை ஆழமாக்குகிறோம், குழாய்க்கிணறு அடிக்கிறோம். உப்பு மேலே வந்துகொண்டிருக்க நாங்கள் அதை நோக்கிக் கீழே போகிறோம். பிறகு ‘தண்ணி சவராகிப் போச்சு’ என்று விதியை நோகிறோம். செய்ய வேண்டியது நேர்மாறானது: காலையில் கொஞ்சம், பின்னேரம் கொஞ்சம், நடுவில் ஊறவிட்டு இறைக்க வேண்டும். குழாயின் வாய் நீர்மட்டத்துக்குச் சற்றுக் கீழே நிற்கவேண்டும், அடியில் கிடக்கக் கூடாது. மாரி மழையைக் கூரையிலிருந்தும் முற்றத்திலிருந்தும் றோட்டுக்கு விரட்டாமல் மண்ணுக்குள் விடவேண்டும். உரமும் மலசலகூடக் குழியும் தரும் நைத்திரேற்றுப் பிரச்சினை வேறு, அதை இங்கே தொடவில்லை.

‘வற்றாத கிணறு’ என்ற சொல்மீது எனக்குள்ள கோபம் இதுதான். தண்ணீருக்கு முடிவில்லை என்று நம்பி இறைக்கும் மனத்தை அந்தச் சொல் வளர்க்கிறது. நீங்கள் பத்து நிமிடம் எட்டிப் பார்த்த அந்தப் பச்சைத் தண்ணீர், குடாநாட்டில் பெரும்பாலோர் குடிக்கிற தண்ணீரின் திறந்த கண்.

கீரிமலைக்கு வருகிறேன். உள்நாட்டு நன்னீர் கடலைவிடச் சற்று உயரத்தில் நிற்பதால் கரையை நோக்கிக் கசிந்து, அங்கே ஊற்றாக வெளிவருகிறது. அலை பக்கத்திலேயே அடிக்க, கேணித் தண்ணீர் கடல்போல் உவர்க்காதது அதனால்தான். ஆனால் ஒரே கல்லுக்குள் நீர் இருப்பது வேறு, தேசிக்காய் நுழைகிற துவாரம் பத்துக் கிலோமீற்றர் அளவுக்கு நீண்டு கிடப்பது வேறு. தொடர்பு இருக்கிறதா என்று பார்க்க விரும்பும் ஆய்வாளர்கள் புளோரசீன் போன்ற சாயத்தை ஒரு குழியில் விட்டு, ஊற்றுகளில் நாட்கணக்கில் மாதிரி எடுப்பார்கள்.

வீட்டில் மகனோடு இதைச் செய்யுங்கள். ஒன்றரை லீற்றர் பிளாஸ்ரிக் போத்தலின் கழுத்தை வெட்டுங்கள். பீற்றூட் அவித்த தண்ணீரில், லீற்றருக்கு 35 கிராம் கணக்கில் உப்பைக் கரையுங்கள் (மட்டமாக இரண்டு மேசைக்கரண்டி). நன்றாக ஆறவிடுங்கள். சூடாக இருந்தால் கடல்நீர் லேசாகி எல்லாம் கலங்கிப்போகும். பாதிப் போத்தலுக்கு அதை ஊற்றி, மேலே நல்ல தண்ணீரைக் கரண்டியின் முதுகில் மிக மெதுவாக வடியவிடுங்கள். சிவப்பின்மேல் தெளிவு மிதக்கும். மருந்து கொடுக்கும் சிரிஞ்சின் நுனியை எல்லைக்குச் சற்று மேலே பிடித்து மெல்ல இழுத்தால் தெளிந்த நீர் வரும். வேகமாக இழுத்தால் சிவப்பு கூம்பு போல எழும்பி உள்ளே வரும்.

கடைசியாக, அவனுடைய தேசிக்காய். காய்க்குக் காய் அடர்த்தி மாறும், சில மிதக்கும், சில தாழும். நல்ல தண்ணீரில் தாழ்ந்து உப்புத் தண்ணீரில் மிதக்கிற ஒரு சின்னக் காயைத் தேடிப் பிடித்து, போத்தலில் மெதுவாக விடச் சொல்லுங்கள். அது அடிக்கும் போகாது, மேலுக்கும் வராது. இரண்டு தண்ணீருக்கும் நடுவில் நிற்கும்.